ஆடி மாசக் கச்சேரியும் பத்து மணிக் கட்டுப்பாடும்: வட சென்னையில் ராத்திரி யாருக்கு?

#1 மில்தெரு

புளியந்தோப்பு, வியாசர்பாடி, பட்டாளம், பேசின் பிரிட்ஜ் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் வந்து பேசுங்கள்.

ஆடி ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றி, ராத்திரி கும்பம் போட்ட பிறகு தெருவில் மேடை கட்டிக் கானாப் பாட்டுக் கச்சேரி வைப்பது எங்கள் பகுதியில் தாத்தா காலத்து வழக்கம். வீடு வீடாக வசூல் செய்து, சீரியல் செட் போட்டு, மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, தெருப் பையன்களே எல்லாவற்றையும் நடத்துவார்கள். இந்த வருஷம் ஒன்பதே முக்காலுக்கெல்லாம் போலீஸ் வந்து நிறுத்தச் சொல்லிவிட்டது. பின்பக்கம் புதிதாக வந்திருக்கும் அடுக்ககத்திலிருந்து யாரோ 100க்குப் போன் போட்டிருக்கிறார்கள். பாடுவதற்காகக் காத்திருந்த பையன்களில் பாதிப் பேர் மேடை ஏறவே இல்லை.

மாற்றமே வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். பி அண்ட் சி துணி மில் 1996ல் மூடியபோது எங்கள் அப்பா தலைமுறை பட்ட பாடு எனக்குத் தெரியும். 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். அந்த நிலத்திலேயே இன்று உயர்மாடிக் குடியிருப்பு நிற்கிறது. 2021ல் மெட்ரோ விம்கோ நகர் வரை போய்விட்டது. வட சென்னையில் வீடு வாங்க ஆட்கள் தேடி வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வருகிறவர்களுக்கு ரோடும் ரயிலும் வேண்டும், இங்கே ஏற்கெனவே இருக்கிற பாட்டு மட்டும் வேண்டாம் என்றால் அதை எப்படி ஏற்பது?

*

#2 எட்டாவதுமாடி

நான் அந்தப் பக்கத்து ஆள். உங்கள் தெருவுக்கு அருகில் இல்லை, ஆனால் அதே மாதிரி ஒரு அடுக்ககம். போன் போட்டது நான் இல்லை. ஆனால் போடுகிறவர்களின் நிலைமையையும் யாராவது சொல்ல வேண்டும்.

என் மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர். காலை ஷிப்ட் என்றால் ஐந்து மணிக்கு எழ வேண்டும். வீட்டில் கைக்குழந்தை. ஆடி மாசம் ஒரு தெருவில் முடிந்தால் அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில். ஜன்னலைச் சாத்தினாலும் ஸ்பீக்கர் பாக்ஸ் அதிர்வில் கண்ணாடி நடுங்குகிறது. கச்சேரி மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கட்சிக் கூட்டம், காதுகுத்து, பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் அதே பாக்ஸ்தான்.

தூங்கும் உரிமையும் உரிமைதான். விருப்பமில்லாதவர் காதில் சத்தத்தைத் திணிக்க யாருக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2005லேயே சொல்லியிருக்கிறது. நாங்களும் பணக்காரர்கள் இல்லை. இருபது வருஷக் கடனில் வாங்கிய இரண்டு படுக்கையறை வீடு. கச்சேரியை ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பத்து மணிக்குள் முடித்தால் என்ன?

*

#3 டோலக்_வியாசை

பத்து மணிக்குள் முடித்தால் என்ன என்று சார் கேட்கிறார். நான் வாசிக்கிறவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எங்கள் கச்சேரிக்கு உட்காரும் ஜனம் யார்? மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கார்ப்பரேஷன் துப்புரவுப் பணியாளர், பூக்கடை, மீன்கடை அக்காக்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட எட்டரை ஆகிவிடும். ஒன்பது மணிக்கு முன்னால் நாற்காலி நிறையாது. முதலில் சாமி பாட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் சினிமாப் பாட்டு. கீபோர்டும் ரிதம் பேடும் வைத்துக் கூட்டத்தைச் சேர்ப்பதற்காக. கானா அதற்கும் பிறகுதான் ஆரம்பிக்கும். பத்தரைக்கு மேல் கீபோர்டு ஓய்ந்து, டோலக்கும் டேப் மேளமும் மட்டும் இருக்கும்போது ஒருவர் ஒரு வரி எடுப்பார், எதிரில் இருப்பவர் அதைப் பிடித்துத் திருப்பிப் பாடுவார். எழுதி வைத்த பாட்டு இல்லை. அந்தத் தெருவில் அந்த வருஷம் யார் செத்தார், யாருக்கு வேலை போச்சு, எந்தப் பையன் போலீஸிடம் அடி வாங்கினான், எல்லாம் அதில் வந்துவிடும். பத்து மணிக்கு நிறுத்தினால் எங்களுக்கு மிஞ்சுவது வெறும் சினிமாப் பாட்டு. கானா கழன்றுவிடுகிறது.

சாவு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐஸ் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடியப் பாடுவதுதான் எங்கள் பள்ளிக்கூடம். போனவரின் பெயர், அவர் செய்த வேலை, பெற்ற பிள்ளைகள், எல்லாவற்றையும் ஒரு நடையில் கோர்த்துப் பாடினால்தான் அந்த வீட்டுக்கு மனசு ஆறும். நான் பதினாலு வயதில் அப்படி ஒரு ராத்திரியில்தான் தாளம் பிடிக்கக் கற்றேன். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துத் தோலின் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று காட்டினார். இன்று கானா என்றால் யூடியூப் என்று நினைக்கிறார்கள். யூடியூபில் வருகிறவர்கள் எல்லோரும் இந்த ராத்திரிகளில் பாடிப் பழகி வந்தவர்கள்.

கைக்குழந்தை தூங்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. என் வீட்டிலும் குழந்தை இருக்கிறது.

*

#4 சட்டப்பக்கம்

சட்டத்தில் இருப்பதை அப்படியே எடுத்து வைக்கிறேன். இரண்டு பக்கமும் அரைகுறையாகத்தான் சொல்கிறார்கள்.

ஒலி மாசு விதிகள் 2000ல் வந்தன. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. 2010ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒலிபெருக்கி மட்டுமில்லை, இசைக்கருவியையும் இரவில் வாசிக்கக் கூடாது. அதாவது மைக்கை அணைத்துவிட்டு வெறும் டோலக் தட்டினாலும், எழுத்தில் பார்த்தால் அது விதிமீறல்தான்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. மூடிய இடங்களுக்கு இது பொருந்தாது. அரங்கு, மாநாட்டுக் கூடம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்றவை. நகரத்தில் யாருடைய இசை மூடிய இடத்தில் நடக்கிறது, யாருடையது திறந்த தெருவில் நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டல் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு டிஜே வைத்தால் அது 'நைட் லைஃப்'. சுவர் கட்ட வசதி இல்லாதவன் தெருவில் பாடினால் அது 'சத்தத் தொல்லை'. சாதியையோ வர்க்கத்தையோ பற்றி விதியில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் அது வெட்டுகிற இடம் எது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு விலக்கும் உண்டு. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஒரு வருஷத்தில் 15 நாட்கள் வரை, இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை, மாநில அரசு அனுமதி தரலாம். எந்தெந்த நாட்கள் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இதை எதிர்த்து வழக்கு நடந்து, 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்னது. எட்டாவதுமாடி குறிப்பிடும் தீர்ப்பு அதே வருஷம் ஜூலையில் வந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

*

#5 பந்தர்தெரு

கலை என்றால் தென் சென்னை, ரவுடி என்றால் வட சென்னை என்கிற எண்ணம் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது.

தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது தங்கியது ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவில், கோவூர் சுந்தர முதலியார் வீட்டில். வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வாசித்ததும் ஜார்ஜ் டவுன் வீட்டில்தான். பெரிய பெரிய வித்வான்கள் அங்கே வந்து தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். பணக்காரக் குடும்பங்கள் மயிலாப்பூர், தியாகராய நகர் என்று தெற்கே நகர்ந்தபோது சபாக்களும் கூடவே போய்விட்டன. வட சென்னையில் கலை இல்லாமல் போகவில்லை. கலைக்குச் செலவு செய்கிறவர்கள் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

ராத்திரி வாழ்க்கையும் இங்கே புதிது இல்லை. பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியர்கள் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் பேண்டு வைத்து நடனம் ஆடிய காலம் ஒன்று உண்டு. திரௌபதி அம்மன் கோயில் தீமிதியை ஒட்டி விடிய விடியத் தெருக்கூத்து. அதற்கும் மேலே, செகண்ட் ஷோ! வட சென்னையின் உண்மையான நைட் லைஃப் அதுதான். பத்து மணிக்கு மேல் குடும்பத்தோடு நடந்து போய்ப் படம் பார்த்து, ஒன்றரை மணிக்குத் திரும்பி வரும் வழியில் டீ குடித்த தலைமுறை நாங்கள். தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967ல் திறந்தது, 2020ல் மூடிவிட்டார்கள். ஒரு தியேட்டர் மூடினால் திரை மட்டும் போவதில்லை. அந்த ரோட்டில் நள்ளிரவு வரை இருந்த வெளிச்சம், டீக்கடை, சோடாக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து போகிறது.

இப்போது நள்ளிரவில் மனிதர்கள் நிற்கும் இடம் என்று பார்த்தால் பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ கடைகள் ஞாபகம் வருகின்றன. பர்மாவிலிருந்து அறுபதுகளில் திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. வாழைத்தண்டு சூப்போடு ஒரு தட்டு அத்தோ சாப்பிட நகரத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அகதியாக வந்தவர்களின் தள்ளுவண்டி இன்று சென்னையின் பெருமை. கானாவுக்கு மட்டும் ஏன் அந்த இடம் கிடைக்கக் கூடாது?

*

#6 இரவுப்பேருந்து

எல்லா அண்ணன்களும் சட்டம், வரலாறு எல்லாம் பேசிவிட்டீர்கள். பெண்கள் பக்கம் கொஞ்சம் பாருங்கள்.

எனக்குத் தெரிந்து எங்கள் தெருப் பெண்கள் நள்ளிரவில் வெளியே பயமில்லாமல் உட்கார்ந்திருப்பது ஆடிக் கச்சேரி அன்றைக்கு மட்டும்தான். அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு கேட்பார்கள். மற்ற நாட்களில் ஒன்பது மணிக்கு மேல் கடைக்குப் போனாலே ஏன் என்று கேள்வி வரும். அதனால் கச்சேரி போவது ஆண்களைவிட எங்களுக்குத்தான் பெரிய நஷ்டம்.

அதே சமயம் உண்மையையும் சொல்ல வேண்டும். டாஸ்மாக் பத்து மணிக்கு மூடுகிறது. மூடியதும் அங்கிருந்து ஒரு கூட்டம் நேராக மேடைக்கு முன்னால் வந்து நிற்கும். ஆட்டம், தள்ளுமுள்ளு, சில சமயம் சண்டை. அந்த நேரத்தில் பெண்கள் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார்கள். போலீஸுக்குப் போன் போகிற பல ராத்திரிகளில் காரணம் பாட்டு இல்லை, இந்தக் கூட்டம்தான். சில பாட்டுகளில் பெண்களைப் பற்றி வருகிற வரிகளும் எனக்குக் கேட்கப் பிடிக்காது. மேடையில் ஒரு பெண்ணாவது பாடட்டும். ராயபுரத்திலிருந்து வந்த இசைவாணி கானா பாடி, பிபிசி 2020ல் வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம் பிடித்தார். எங்கள் தெரு மேடையில் இன்றுவரை ஒரு பெண்ணுக்கும் மைக் கொடுத்தது இல்லை. மேடையைக் காப்பாற்றுகிற வேலையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் விஷயம் ஒன்று. 2021லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். ரொம்பப் பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனால் ராத்திரி பதினொன்றுக்கு மேல் அந்தப் பேருந்துக்காக நின்று பாருங்கள். 2019லேயே பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசாணை வந்தது. கடையில் வேலை செய்கிற பெண் எப்படி வீட்டுக்குப் போவாள்? ராத்திரி என்று பேசுகிறவர்கள் முதலில் பேருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

*

#7 டோலக்_வியாசை

அக்கா சொன்ன கூட்டம் பற்றி ஒத்துக்கொள்கிறேன். பல கச்சேரிகளில் எங்களுக்கே அது தொல்லை. மேடைக்கு முன்னால் பெண்களும் பிள்ளைகளும் உட்கார இடம் ஒதுக்கிக் கயிறு கட்டினால் அந்தக் கூட்டம் பின்னால்தான் நிற்கும். செய்த தெருக்கள் இருக்கின்றன, அங்கே சண்டை வந்ததில்லை. பெண்கள் பாடுவதற்கு என் கச்சேரி செட்டில் இடம் உண்டு. கூட்டி வாருங்கள், நான் வாசிக்கிறேன்.

*

#8 இப்போது_பெரும்பாக்கம்

நான் பேசின் பிரிட்ஜ் பக்கம் பிறந்தவன். வீட்டை இடித்துவிட்டு பெரும்பாக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். இங்கிருந்து வியாசர்பாடி கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர்.

எங்கள் செட்டில் பாடுகிறவர் ஒருவர் கண்ணகி நகர், டேப் வாசிக்கிறவர் வியாசர்பாடி, நான் இங்கே. முன்பு சாயங்காலம் விசில் அடித்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் வந்து நிற்போம். இப்போது ஒரு பயிற்சிக்கு ஒரு நாள் கூலி போகிறது. வட சென்னையில் கச்சேரி முடிந்தால் விடியும்வரை எங்காவது படுத்திருந்து முதல் பஸ்ஸில்தான் திரும்புகிறேன். கச்சேரியைப் பத்து மணிக்கு நிறுத்துவது பற்றிப் பேசுகிறீர்கள். எங்களுக்கு வாசிக்கிறவர்களையே பிரித்து நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பிய பிறகுதான் பத்து மணியெல்லாம் வந்தது.

கண்ணகி நகரில் 2020ல் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். ஸ்டார்ட் இந்தியா என்கிற தெருக்கலை அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து செய்தது. அழகாகவே இருக்கிறது, வெளியிலிருந்து படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள், பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுவருக்குள்ளே இருக்கிற கானாப் பாடகர் உட்கார்ந்து பயிற்சி எடுக்க ஒரு அறை கிடையாது. மேல் மாடியில் டோலக் தட்டினால் கீழ் வீட்டுக்காரர் திட்டுகிறார். அவர் திட்டுவதும் நியாயம்தான். குடிசையாக இருந்தாலும் பழைய இடத்தில் வாசலுக்கு முன்னால் நிலம் இருந்தது. இங்கே வாசலுக்கு முன்னால் லிஃப்ட் இருக்கிறது.

*

#9 யாரா_ஆற்றங்கரை

மெல்பர்னில் இருக்கிறேன், வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவன். இதே சண்டை இங்கே நடந்து, ஒரு விதியில் வந்து நின்றது. அதனால் சொல்கிறேன்.

இங்கே ஃபிட்ஸ்ராய், காலிங்வுட் என்று பழைய தொழிலாளர் பகுதிகள். வாடகை குறைவு என்பதால் இசைக்காரர்கள் வந்தார்கள், சின்னச் சின்ன மது விடுதிகளில் ராத்திரி கச்சேரி. பிறகு அந்தப் பேரை வைத்தே அடுக்ககம் கட்டி விற்றார்கள், வாங்கி வந்தவர்கள் சத்தம் என்று புகார் கொடுத்தார்கள். 2010 ஜனவரியில் 'தி டோட்' என்கிற இடம் உரிம நிபந்தனைகள் தாங்காமல் மூடியது. அடுத்த மாசமே ஆயிரக்கணக்கானவர்கள் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். அந்த இடம் அதே வருஷம் திரும்பத் திறந்தது. 2014ல் விக்டோரியா மாநிலம் கட்டட அனுமதி விதியையே மாற்றியது: கச்சேரி நடக்கும் இடத்துக்கு 50 மீட்டருக்குள் புதிதாகக் குடியிருப்பு கட்டினால் சத்தத்தைத் தடுக்கும் செலவு கட்டுகிறவருடையது. கச்சேரி இடம் புதிதாக வந்தால் செலவு அவர்களுடையது. பிறகு வந்தவர் பொறுப்பு, அவ்வளவுதான். இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையிலும் 2018ல் இது வந்துவிட்டது.

எட்டாவதுமாடி அண்ணா, உங்கள் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது என்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் மெல்லிய ஒற்றைக் கண்ணாடி போட்டு விற்றவரும் ஒருவர்.

*

#10 சட்டப்பக்கம்

நல்ல முன்மாதிரி. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மெல்பர்ன் விதி காப்பாற்றுவது உரிமம் உள்ள கட்டடத்தை. எங்கள் மேடை ஒரு ராத்திரிக்குக் கட்டி மறுநாள் பிரிப்பது. அரசு ஆவணம் எதிலும் அது இல்லை. பக்கத்தில் கட்டட அனுமதி கொடுக்கிற அதிகாரியைப் பொறுத்தவரை அது காலி ரோடு. முதலில் ஏட்டில் ஏற வேண்டும். எந்தத் தெரு, எந்தக் கோயில், எந்த நாள் என்று பட்டியல் இருந்தால்தான் 'பிறகு வந்தவர்' யார் என்று சொல்லவே முடியும்.

ஒரு காலத்தில் நாடகம் போட வேண்டும் என்றால் எழுத்துப் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1954ஆம் வருஷச் சட்டம். பரீக்ஷா ஞாநி வழக்குப் போட்டார். 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. மாறாது என்று எல்லோரும் விட்டுவிட்ட விஷயம் ஒரு நாடகக்காரர் விடாமல் நின்றதால் மாறியது. இதுவும் மாறும்.

*

#11 எட்டாவதுமாடி

கண்ணாடி விஷயம் என்னை யோசிக்க வைத்தது. விற்கும்போது 'அமைதியான சூழல்' என்று சொல்லித்தான் விற்றார்கள். பின்னால் கோயில் இருக்கிறது, ஆடியில் கச்சேரி நடக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்போம், ஆனால் படுக்கையறையை அந்தப் பக்கம் வைத்திருக்க மாட்டோம்.

எங்கள் சங்கத்தில் பேசிப் பார்க்கத் தயார். ஆனால் நான் கையில் எதையாவது கொண்டுபோக வேண்டும். எந்தெந்தத் தேதி, எத்தனை மணி வரை, பேச வேண்டுமென்றால் யாரிடம் பேசுவது. இப்போது யாரிடம் சொல்வது என்றே தெரியாததால்தான் எல்லோரும் நேராக 100க்குப் போகிறார்கள். கீழே இறங்கி வந்து கேட்கப் பயம். இத்தனை நாள் ஒரே பகுதியில் இருந்தும் ஒருவரை ஒருவர் தெரியாது.

*

#12 சவுண்டு_சர்வீஸ்

மைக் செட் தொழில். என் பக்கத்து விவரம் இது.

சண்டையில் முக்கால்வாசி பாட்டால் வருவதில்லை, பாக்ஸை வைக்கிற முறையால் வருகிறது. மேடைக்கு இரண்டு பக்கமும் பாக்ஸை அடுக்கி ஒரே இடத்திலிருந்து தெருக்கோடி வரை கேட்க வேண்டும் என்று கேட்பார்கள். அப்படிச் செய்தால் முன்வரிசைக்குக் காது கிழியும், சத்தம் மேலே போய் எட்டாவது மாடியில் அடிக்கும். அதற்குப் பதில் சின்ன பாக்ஸாக எடுத்து, இருபது முப்பது அடிக்கு ஒன்று என்று தெரு நீளத்துக்கு வைத்து, கீழ்நோக்கிச் சாய்த்தால் குறைந்த சத்தத்திலேயே எல்லோருக்கும் வார்த்தை புரியும். கானாவுக்கு வார்த்தைதானே முக்கியம்.

ஜன்னலை நடுங்க வைப்பது பேஸ், அதாவது அடித்தொனிச் சத்தம். அது சுவரைத் தாண்டும், கதவைச் சாத்தினால் நிற்காது. பத்து மணிக்கு மேல் சப் ஊஃபரை மட்டும் அணைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. டோலக், டேப், குரல் மூன்றுக்கும் சப் தேவையே இல்லை. மேடையின் முதுகு அடுக்ககத்தைப் பார்த்து இருக்கட்டும். ஜெனரேட்டரைத் தெருமுனைக்குத் தள்ளுங்கள், பல இடங்களில் பாட்டைவிட அதன் இரைச்சல்தான் அதிகம்.

வாடகை கூடுமா என்று கேட்பீர்கள். பெரிய பாக்ஸ் வேண்டாம் என்றால் குறையத்தான் செய்யும். ஆனால் பெரிய பாக்ஸ் அடுக்கினால்தான் விழா பெரிதாகத் தெரியும் என்று விழாக் கமிட்டிகள் நினைக்கின்றன. அதை நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், பாடுகிறவர்கள் சொன்னால் கேட்பார்கள்.

*

#13 மில்தெரு

சவுண்டு_சர்வீஸ் அண்ணா சொன்னதை அப்படியே எங்கள் கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

நான் இன்னொன்றையும் இங்கே வைக்க நினைக்கிறேன். கானாவுக்கு மதிப்பே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் முதல் மேடை, 2020 டிசம்பரிலிருந்து 'மார்கழியில் மக்களிசை' விழா, 2007ல் தொடங்கி இடையில் நின்று 2023ல் திரும்ப வந்த சென்னை சங்கமம் கலை விழா. எங்கள் ஆட்கள் பெரிய மேடை ஏறினார்கள், கேட்ட ஜனமும் பெரியது. அதற்காக உழைத்த எல்லோருக்கும் நன்றி உண்டு. ஆனால் வருஷத்தில் சில நாள் பெரிய மேடையில் கைதட்டிவிட்டு, அந்தப் பாடகர் பிறந்த தெருவில் பத்து மணிக்கு மைக்கைப் பிடுங்கினால் அடுத்த பாடகர் எங்கிருந்து வருவார்? டோலக்_வியாசை சொன்ன அந்தப் பத்தரை மணி ராத்திரிகள் இல்லாமல் எந்தப் பெரிய மேடைக்கும் ஆள் கிடைக்காது.

வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி என்று தொடங்கினார்கள், பிறகு தொகை கூடியது. கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' என்று ஒன்று திறந்தார்கள். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க, மடிக்கணினி வைத்து வேலை பார்க்க நல்ல இடம். அதே மனசோடு வாசித்துப் பழகவும் இடம் கட்டலாம். புதிதாகக் கூடக் கட்ட வேண்டாம். மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்கள் முகூர்த்தம் இல்லாத நாளில் பூட்டித்தான் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு ராத்திரி திறந்து, சுவருக்குச் சத்தம் தடுக்கும் பலகை அடித்துக் கொடுத்தால் போதும். சட்டப்பக்கம் சொன்னபடி மூடிய இடத்துக்கு விலக்கு இருக்கிறது. சுவர் இல்லாததுதான் குறை என்றால் சுவரைக் கொடுங்கள். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் அதே மாதிரி ஒன்று.

*

#14 இப்போது_பெரும்பாக்கம்

கூடம் வந்தால் சந்தோஷம். ஆனால் கூடம் கொடுத்துவிட்டோம், தெருவை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடக் கூடாது. சாவு வீட்டுப் பாட்டைக் கூடத்துக்குக் கொண்டுபோக முடியாது. பயிற்சிக்குக் கூடம், விழாவுக்குத் தெரு. இரண்டும் வேண்டும்.

*

#15 சட்டப்பக்கம்

சரி. 15 நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆடியில் ஞாயிறு நான்கு, சில வருஷம் ஐந்து. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள். மே தினம். பொங்கலை ஒட்டி மூன்று ராத்திரி. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரண்டும் சேர்த்தால்கூடப் பன்னிரண்டு. பதினைந்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே தெருவில் எல்லா நாளும் நடக்கப் போவதும் இல்லை. ஆக, ஒவ்வொரு தெருவும் தனித்தனியாகக் காவல் நிலையத்தில் போய்க் கெஞ்சுவதற்குப் பதில், அந்த நாட்களை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லி அரசிடம் ஒரே மனுவாகக் கொடுப்பது சரியான வழி. பன்னிரண்டு மணிக்கு முடித்தே தீர வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. சாவு வீட்டுக்கு இது உதவாது, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும். அங்கே மைக் இல்லாமல் பாடினால் யாரும் புகார் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மனுவோடு தெருப் பட்டியலும் இணைக்க வேண்டும். கோயில், விழா நாள், எத்தனை வருஷமாக நடக்கிறது, பழைய நோட்டீஸ் அல்லது வசூல் நோட்டு இருந்தால் அதன் நகல்.

*

#16 எட்டாவதுமாடி

மனுவில் அடுக்ககத்துக்காரர்கள் கையெழுத்தும் இருந்தால் கனம் கூடும். என் கையெழுத்து உண்டு. மூன்று நிபந்தனையை எழுதிக் கொடுங்கள், சங்கக் கூட்டத்தில் வாசிக்கிறேன்: தேதி ஒரு மாசம் முன்னால் தெரிய வேண்டும், பத்து மணிக்கு மேல் சப் ஊஃபர் கூடாது, கமிட்டியில் இருவர் நம்பர் எங்கள் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. எங்கள் சங்கத்தில் கோயில் மணிக்கே புகார் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

*

#17 இரவுப்பேருந்து

நாலாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: முன்வரிசை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். அப்புறம் விழா நாளில் பன்னிரண்டரை மணி வரை பேருந்து வேண்டும் என்று அதே மனுவில் ஒரு வரி.

*

#18 டோலக்_வியாசை

வசூல் நோட்டு என்னிடம் இல்லை, ஆனால் எங்கள் வாத்தியார் வீட்டில் எழுபதுகளிலிருந்து நோட்டீஸ் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். தேதி, தெரு, பாடினவர் பெயர் எல்லாம் அச்சில் இருக்கும். போட்டோ எடுத்து சட்டப்பக்கம் சாருக்கு அனுப்புகிறேன். மற்ற செட்டுக்காரர்களிடமும் கேட்டு வாங்குகிறேன்.

எட்டாவதுமாடி சார், சங்கக் கூட்டம் என்றைக்கு என்று சொல்லுங்கள். கூப்பிட்டால் நானும் மில்தெரு அண்ணாவும் வருகிறோம். நேரில் பேசினால் அந்த மூன்று நிபந்தனையை அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.